கழற்றிய பெட்டிகளும் களி மேடையும்

கொசப்பேட்டை,
வேலூர்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஓசூர் பிளாட்டைக் காலி செய்துவிட்டு ஆரணி வீட்டுக்கே வந்துவிடப் போகிறீர்கள் என்று படித்ததும், அடுப்பில் பாலை வைத்ததே மறந்துபோனது. ஆக்சிலியம் ஹாஸ்டலில் ஒரே டிரங்குப் பெட்டியைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் நாம். இனிமேல் ஒரு பஸ் ஏறினால் பார்த்துக்கொள்ளலாம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்டி.

சமையலறைப் பெட்டிகளை, அதாவது மேடைக்கு அடியிலும் சுவரிலும் இருக்கும் மாடுலர் கிச்சன் அலமாரிகளை, கழற்றி எடுத்து வருவதா, அங்கேயே விற்றுவிடுவதா என்று கேட்டிருந்தாய். எடுத்து வா. ஆனால் எல்லாவற்றையும் அல்ல. போன வருஷம் சென்னை வீட்டைக் காலி செய்து இந்தப் பழைய வேலூர் வீட்டுக்கு வந்தபோது இதே கேள்வியோடு நான் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சிங்குக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, அடிப்பலகையை ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பார். எங்கள் வீட்டில் அது ரஸ்க்கில் குத்தின மாதிரி உள்ளே போனது. மேலே மைக்கா பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே இருந்தது பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்தது. ஒரு தடவை தண்ணீர் குடித்து ஊதிவிட்டால் அது திரும்ப அடங்காது. பணம் வாங்கும்போது முழுக்கப் பிளைவுட் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். மற்ற பெட்டிகள் நிஜமாகவே பிளைவுட். ஓரப்பட்டை உரிந்திருந்த இடங்களை மட்டும் திரும்ப ஒட்டச் சொன்னேன். அந்த ஓரம் திறந்திருந்தால் பிளைவுட்டும் ஈரத்தைக் குடிக்கும்.

கீல் தளர்ந்திருந்தால் பெட்டியே போய்விட்டது என்று நினைக்காதே. ஸ்குரூ ஓட்டையில் மூங்கில் சிம்பைப் பெவிகால் தோய்த்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி துளை போட்டால் பிடித்துக்கொள்ளும். கதவில் கீல் உட்காரும் வட்டக் குழி பெரும்பாலும் 35 மில்லிமீட்டர்தான், அதனால் புதுக் கீல் வாங்கினாலும் பொருந்தும். கைப்பிடி மாற்றுவதானால் இரண்டு ஓட்டைக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போ. எங்களுடையது 128 மில்லி. அளக்காமல் போய் 96 மில்லியில் பதினோரு கைப்பிடி வாங்கி வந்து, மறுநாள் லாங் பஜாருக்குத் திரும்ப நடந்தேன்.

இப்போது அளவு விஷயம். இதுதான் என்னை ரொம்பப் படுத்தியது. பெட்டிகள் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு, நம் ஊர் ஆசாரி பேசுவதோ அடி, அங்குலம். 600 மில்லிப் பெட்டியை அவர் ‘ரெண்டடி’ என்பார். உண்மையில் இரண்டடி என்பது 609.6 மில்லி. ஒரு பெட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒன்றும் தெரியாது. நான்கு பெட்டி சேர்ந்தால் ஒன்றரை அங்குலம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். அதனால் டேப்பில் எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று முதல் நாளே இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். இன்னொன்று, பழைய வீட்டில் சுவர் நேராக இருக்காது. தரையில் ஒரு அளவு, மேடை உயரத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று என மூன்று இடத்தில் அளந்து, குறைவாக வருவதையே கணக்கில் எடு. எங்கள் நீளச் சுவர் தரையில் 10 அடி 5 அங்குலம், மேடை உயரத்தில் 10 அடி 4தான்.

நான் முதலில் போட்ட படத்தில் டிராயர் பெட்டியை வாசல் ஓரத்திலேயே ஒட்டி வைத்திருந்தேன். காகிதத்தில் அழகாக உட்கார்ந்தது. அப்புறம் தரையில் சாக்பீஸால் பெட்டி அளவுக்குக் கட்டம் கட்டமாக வரைந்து, ஒரு அட்டையை டிராயர் மாதிரி இழுத்துப் பார்த்தபோதுதான் கதவு நிலை ஒன்றரை அங்குலம் முன்னால் துருத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. டிராயர் பாதி வரும்போதே நிலையில் இடிக்கும். அந்த இடத்தில் இடைவெளிக்காக 50 மில்லி அகலத்தில் ஒரு வெற்றுப் பலகைப் பட்டி கொடுத்ததும் சரியாகிவிட்டது. நீயும் கட்டம் போட்டுப் பார்க்காமல் ஆசாரியை ஆணி அடிக்க விடாதே. மூலையில் இரண்டு பெட்டி சேரும் இடத்திலும் இதே தொல்லை உண்டு.

கடைசியில் எங்கள் வரிசை இப்படி வந்தது. வாசல் பக்கம் அந்தப் பட்டி, அடுத்து 900 டிராயர் பெட்டி, அப்புறம் அடுப்புக்கு அடியில் 600, சிலிண்டருக்கு 450 இடம், ஒரு 450 பெட்டி, ஜன்னலோரம் 700ல் சிங்க். கூட்டிப் பார், 3150 மில்லி, அதாவது 10 அடி 4. அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவே மூன்றடி மேடை கிடைக்கிறது. காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் அங்கேதான். சிங்குக்கு அடியில் பெட்டியே வைக்கவில்லை. இரண்டு பக்கமும் கடப்பாக்கல் நிறுத்தி, முன்னால் பழைய கதவை மட்டும் மாட்டிவிட்டோம். தண்ணீர் ஒழுகினாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. சிலிண்டர் இடத்தில் தரையோரத்தை மறைக்கும் பலகை அடிக்காமல் திறந்தே விட்டிருக்கிறேன். சமையல் காஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், அது வெளியே போக வழி வேண்டும். இதை ஆரணியில் நீ மறக்கவே கூடாது.

மேடை உயரத்தையும் மாற்றினோம். சென்னையில் 35 அங்குலம். பத்துச் சப்பாத்தி தேய்த்தால் என் தோள் கழன்றுவிடும். பெட்டியின் கால்கள் திருகி ஏற்றி இறக்குகிற வகை என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பெட்டி 720, கால்களை 100க்கு இறக்கி, மேலே 18 மில்லி கிரானைட், மொத்தம் 33 அங்குலம். என் உயரத்துக்கு அது போதும்.

ஆனால் அத்தைக்கு அதுவும் அதிக உயரம். நான் உனக்குச் சொல்ல நினைத்ததே இதைத்தான். அத்தை நான்கடி பத்து அங்குலம். வாரத்தில் நான்கு நாள் கேழ்வரகுக் களி கிண்டாவிட்டால் அவர்களுக்கு நாளே விடியாது. நொய் வெந்து குழைந்ததும் மாவைக் கொட்டி, பானையை இறக்கித் தரையில் வைத்து, இரண்டு பாதத்தாலும் அணைத்துக்கொண்டு துடுப்பால் கிண்டுவார்கள். இப்போது முட்டி வலியால் தரையில் உட்கார முடியவில்லை. மேடை மேல் வைத்தால் துடுப்பு முகத்துக்கு நேரே வருகிறது, கையை ஊன்ற முடியவில்லை. “இனிமே களி வேணாம், சோறே போதும்” என்றார்கள். அவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில் சுவரில் மாட்டும் பெட்டிகள் மூன்று சும்மா கிடந்தன. இந்த வீடு சுண்ணாம்புச் சுவர். டிரில் வைத்தால் மாவு மாதிரி கொட்டுகிறது, பெட்டியின் எடையைத் தாங்காது. பின்னால் புதிதாகக் கட்டிய செங்கல் சுவரில் ஒன்றை மட்டும் மாட்டினோம். மீதி இரண்டு ஒவ்வொன்றும் 720 உயரம், 600 அகலம், 300 ஆழம். அவற்றை என்ன செய்வது?

கொல்லையில் செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டு, வெறும் பானையை வைத்து அத்தையைக் கிண்டிப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு வரிசையாக எடுத்துக்கொண்டே வந்தேன். 26 அங்குலம் வந்தபோது அத்தையின் தோள் இறங்கியது, முழங்கை மடங்கிப் பானைக்கு மேலே நேராக நின்றது. “இங்கியே நிறுத்து” என்றார்கள்.

அந்த இரண்டு பெட்டிகளையும் பக்கவாட்டில் சாய்த்து, முதுகோடு முதுகு சேர்த்துத் திருகினோம். 600 அகலம் இப்போது உயரம். அடியில் ஈரம் படாமல் இரண்டு கடப்பாக்கல் துண்டு, மேலே மீந்த கிரானைட் துண்டு. கணக்காக 26 வந்துவிட்டது. நடுத்தட்டு நிமிர்ந்து தடுப்பாக நிற்கிறது, அதில் தோசைக்கல்லும் தாம்பாளமும் நிறுத்தி வைக்கிறோம். ஒன்று கவனி, அந்தத் தட்டு ஆணி போன்ற சின்னப் பின்களில் சும்மா உட்கார்ந்திருந்ததால் அசைந்தது. மேலும் கீழும் ஸ்குரூ போட்டு இறுக்கிய பிறகுதான் களி கிண்டும் அழுத்தத்தைத் தாங்கியது. கதவுகளை எடுத்துவிட்டோம்.

முதல் நாள் ஈரச் சாக்குத் துணியை மடித்துப் பானைக்கு அடியில் போட்டுக்கொண்டு, நின்றபடியே கட்டியில்லாமல் கிண்டி முடித்தார்கள் அத்தை. நேதாஜி மார்க்கெட்டில் வாங்கி வந்த இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக் கடைந்து தொட்டுக்கொண்டோம். உருண்டையைத் தட்டில் வைக்கும்போது அத்தை கையில் ஒட்டிய களியைத் தண்ணீர் தொட்டு வழித்துவிட்டு, அந்த மேடையை ஒரு தட்டுத் தட்டினார்கள், மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல.

உன் மாமியாருக்கு என்ன உயரம்? ஆரணியில் காலையில் முதலில் அடுப்படிக்குள் நுழையப்போவது யார்? அதைச் சொல்லாமல் பெட்டி அளவை மட்டும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் எழுது. சிங்க் பெட்டியின் அடிப்பலகையைக் குத்திப் பார்த்து அதையும் சொல். ஓசூரில் கழற்றும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் கதவுக்கும் ஒரே எண் எழுதி ஒட்டிவிடு, ஸ்குரூக்களைத் தனித்தனிப் பையில் போட்டு அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே வை. லாரி ஏற்றும் முன் ஒரு நாள் ஆரணி வீட்டுச் சாவியோடு இங்கே வந்துவிடு. இரண்டு பேரும் சேர்ந்து போய் அளந்துவிட்டு வரலாம். டேப்பும் சாக்பீஸும் என்னிடம் இருக்கின்றன. அத்தை களி கிண்டி வைப்பார்கள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி