விமானிகளை வீட்டுக்கு அனுப்பும் வரிசை எழுத்தில் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விமான நிறுவனம் ஒன்று நெருக்கடியில் சிக்கினால் விமானிகளில் யாரை முதலில் வீட்டில் இருக்கச் சொல்வது? இதை நாம் சம்பளத் தகராறாக மட்டுமே பேசிவருகிறோம். பயணிகளின் உயிரோடும் சம்பந்தப்பட்ட விஷயம் இது என்பதால் இக்கடிதம்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாட்டுக்கு ஃபர்லோ என்று பெயர். சம்பளம் நின்றுவிடும், ஆனால் பணிமூப்புப் பட்டியலில் விமானியின் இடம் அப்படியே இருக்கும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே போவார். மறுபடி ஆள் தேவைப்பட்டால், புதியவர்களை எடுக்கும் முன் இவர்களை மூப்பு வரிசையில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எத்தனை நாளில் பதில் சொல்வது, திரும்பும் உரிமை எத்தனை ஆண்டுக்கு, மருத்துவக் காப்பீடு எத்தனை மாதத்துக்கு என்பதெல்லாம் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் முன்கூட்டியே பேசி எழுதப்படுகிறது. அந்த ஒப்பந்தம் நெருக்கடி நேரத்தில் காலாவதியாகிப் போகாது. 1926இல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன்படி, குறித்த தேதி தாண்டினாலும் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை பழையதே செல்லும். வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானால், இரு தரப்பையும் சமரசம் பேசவைக்கும் அரசு அமைப்பான தேசிய மத்தியஸ்த வாரியம் பேச்சிலிருந்து விடுவித்து, அதன்பின் 30 நாள் கழிய வேண்டும். பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது என்று சங்கங்கள் இந்தச் சட்டத்தைக் குறை சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கெட்ட காலத்தில் அவர்களுக்குப் பிடிமானமாக இருப்பதும் இதே சட்டம்தான்.

மூப்பு வரிசை நிறுவனத்தின் கையைக் கட்டிப்போடுகிறது என்பார்கள். கணக்குப் போட்டால், ஆளை அனுப்புவதே பெரிய சேமிப்பு இல்லை என்று தெரியும். 1,000 விமானிகள், ஆளுக்கு மாதம் 75 மணி நேரச் சம்பளம் உறுதி என்று வைத்துக்கொள்வோம். 100 பேரை அனுப்பினால் செலவு 10 சதவீதம் குறையாது. போகிறவர்கள் எல்லோரும் புதிய துணை விமானிகள். ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் வாங்குவது மூத்த கேப்டனின் விகிதத்தில் பாதிகூட இராது. மிச்சமாகும் பணத்தையும் பயிற்சிச் செலவு தின்றுவிடும். உதாரணமாக, நிறுவனம் பெரிய ரக விமானங்களை நிறுத்துகிறது. அதன் கேப்டன் தன் மூப்பைக் கொண்டு சின்ன விமானத்துக்கு வருகிறார். அங்கிருந்த இளைய கேப்டன் துணை விமானி இருக்கைக்கு இறங்குகிறார், அந்த இருக்கையில் இருந்தவர் இன்னொரு ஊரிலுள்ள பணித்தளத்துக்குப் போகிறார். விமான ரகம் மாறும் ஒவ்வொருவருக்கும் வகுப்பு, சிமுலேட்டர் (விமானி அறையைப் போலவே இயங்கும் தரைப் பயிற்சிக் கருவி), தேர்வு, பிறகு பயிற்சி கேப்டனின் மேற்பார்வையில் நிஜப் பயணம் என்று வாரக்கணக்கில் போகும், அதுவும் முழுச் சம்பளத்தோடு. சிமுலேட்டர்களோ எண்ணிக்கையில் கொஞ்சம். வரிசை அங்கேயே தேங்கிவிடும்.

அதற்குப் பதிலாக உறுதி நேரத்தை எல்லோருக்கும் 75லிருந்து 67.5 ஆகக் குறைத்தால்? சுளையாகப் பத்து சதவீதம் மிச்சம். ஒருவரும் வெளியே போக வேண்டாம், ஒருவருக்கும் மறுபயிற்சி வேண்டாம். 2020இல் கொரோனா நெருக்கடியின்போது அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கம் ஏறக்குறைய இந்த வழியில்தான் நின்றது. 2,850 பேரை அனுப்பப்போவதாக நிறுவனம் சொல்லியிருந்தது. வேலை நேரத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ளவும், வயதானவர்கள் முன்கூட்டியே ஓய்வுபெறவும் ஒப்பந்தமாகி ஃபர்லோ தவிர்க்கப்பட்டது. சம்பளத்துக்கு அரசு உதவி வாங்கிய நிறுவனங்கள் ஆளைக் குறைக்கக் கூடாது என்று சட்டம் விதித்த தடை செப்டம்பர் 30ஆம் தேதி முடிந்ததும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சுமார் 1,600 விமானிகளை அனுப்பியது. டிசம்பரில் இரண்டாவது உதவி வந்தபின் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2017இல் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, கேப்டன் வேலையை விட வேண்டுமானால் ஓராண்டு முன்னறிவிப்பு தர வேண்டும். துணை விமானி ஆறு மாதம். நிறுவனம் விமானியைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்புவதற்கு இதற்கு ஈடான காலக்கெடு இல்லை. 2020 ஜூலையில், அப்போது அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியா, ஊழியர்களை ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ, தேவைப்பட்டால் ஐந்தாண்டு வரையிலுமோ சம்பளமில்லா விடுப்பில் அனுப்ப ஒரு திட்டம் வகுத்தது. யாரை அனுப்புவது என்பதற்குச் சொல்லப்பட்ட அளவுகோல்களில் திறமை, உடல்நலம், முன்பு பணிக்கு வராமல் போன சந்தர்ப்பங்கள் ஆகியவையும் இருந்தன.

என் கவலை அந்தக் கடைசி இரண்டில்தான். களைப்பாக இருந்தால் விமானத்தை ஓட்டாதே என்கிறது விதி. இரவுப் பணி தொடர்ந்து வந்து கண் எரியும் நிலையில், அதிகாலை மூன்று மணிக்கு "இன்று என்னால் முடியாது" என்று பணி ஒதுக்கும் பிரிவுக்குப் போன் செய்பவர்தான் சட்டப்படி நடக்கும் விமானி. நாளை ஆள்குறைப்புப் பட்டியல் போடும்போது அந்த ஒரு போன் அவருக்கு எதிராக எண்ணப்படும் என்றால் அவர் செய்வாரா? காய்ச்சலோடு வந்து உட்காருவார். சேர்ந்த தேதியை யாரும் மாற்ற முடியாது. அதனால்தான் மூப்பு வரிசையில் விமானி பயமின்றி முடியாது என்று சொல்ல முடிகிறது. மேலதிகாரியின் அபிப்பிராயத்தை அளவுகோலாக வைத்தால் அந்தத் தைரியம் போய்விடும்.

2019இல் ஜெட் ஏர்வேஸும் 2023இல் கோ ஃபர்ஸ்ட்டும் நின்றதுபோல் நிறுவனமே நின்றுவிட்டால் எந்தப் பட்டியலும் உதவாது என்பது உண்மை. அடுத்த நிறுவனத்தில் மறுபடி கடைசி வரிசைதான். ஆனால் நிறுவனம் தப்பிப் பிழைக்கும் சந்தர்ப்பங்களுக்கு விதி வேண்டும். வெளியே போகும் வரிசையும் திரும்பும் வரிசையும் சேர்ந்த தேதிப்படி. ஆளைக் குறைக்கும் முன் உறுதி நேரத்தைக் குறைப்பது பற்றிச் சங்கத்தோடு பேச்சு. குறைந்தது 60 நாள் முன்னறிவிப்பு. இவற்றை நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், டிஜிசிஏ வலியுறுத்த வேண்டும்.

இன்னொன்றும் விட்டுப்போகக் கூடாது. பயணிகளை ஏற்றிச் செல்ல, முந்தைய 90 நாளில் மூன்று முறை மேலேறி மூன்று முறை தரையிறங்கிய அனுபவம் தேவை. மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவருக்கு அது இருக்காது. சிமுலேட்டரில் மீட்டெடுக்க வேண்டும். குறிப்பிட்ட விமான ரகத்தை ஓட்டத் தகுதி தரும் பயிற்சிக்கே பல லட்சம் கடன் வாங்கியவர்கள் நம் இளம் விமானிகளில் ஏராளம். திரும்பக் கூப்பிடும்போது ஆகும் பயிற்சிச் செலவு நிறுவனத்தையே சேர்ந்தது என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
விமானத் துறையைக் கவனித்துவரும் வாசகர்,
சென்னை