அப்பாவைப் படுக்க வைக்கச் சொல்லாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போனில் அழுதுகொண்டே கேட்டபோது எனக்கு நிதானமாகப் பதில் சொல்ல வரவில்லை. முதலில் இதைத் தெரிந்துகொள்: அப்பாவுக்கு வந்திருப்பது இன்னொரு ஸ்ட்ரோக் இல்லை. இடது உள்காதில் அழற்சி. சளி பிடித்திருந்ததல்லவா, அதன் பின்னால் வைரஸால் இப்படி வருவதுண்டாம்.

காதுதான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர் திடீரென்று தலை சுற்றி வாந்தி எடுத்தால் மூளையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சிறுமூளையில் அடைப்பு வந்தாலும் இதே சுற்றல், இதே வாந்திதான். கை கால் இழுக்காமலே இருக்கலாம். காது மந்தமாகிவிட்டது, அதனால் காதுக் கோளாறுதான் என்றும் இருந்துவிட முடியாது. உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோகிற மெல்லிய குழாய், பெரும்பாலும் சிறுமூளைக்குப் போகிற குழாயிலிருந்துதான் பிரிகிறது. அங்கே அடைத்தால் சுற்றலும் காது கேளாமையும் சேர்ந்தே வரும். அதனால்தான் அப்பாவை உடனே கூட்டிக்கொண்டு ஓடினேன்.

நரம்பியல் டாக்டர் அப்பாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லி, சட்டென்று கொஞ்சமாக இடது பக்கம் திருப்பினார். அப்பாவின் கண் மூக்கை விட்டு நழுவி, ஒரு துள்ளலில் திரும்ப வந்தது. வலது பக்கம் திருப்பியபோது நழுவவே இல்லை. நழுவியதைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. டாக்டர் சொன்னதோ நேர்மாறு: விடாமல் தலை சுற்றுகிறவருக்குக் கண் நழுவினால் பெரும்பாலும் காதுப் பக்கக் கோளாறு, நழுவாமல் நின்றால்தான் மூளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டுமாம். இருந்தாலும் காதும் கேட்கவில்லை என்பதால் அதோடு விடவில்லை. சி.டி.யில் சிறுமூளை அடைப்பு சரியாகத் தெரியாது என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்தால் சிலருக்கு அதிலும் தெரியாமல் போகலாம் என்று பிறகு இன்னொன்று. இரண்டிலும் புது அடைப்பு இல்லை.

சரி, நீ கோபித்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். அவர் படுத்தே இருக்கட்டும், சுற்றல் மாத்திரையை நிறுத்தாதே என்கிறாய். வேண்டாம் கண்ணு. அந்த மாத்திரை முதல் இரண்டு மூன்று நாளைக்குத்தான். சுற்றலை அமுக்கும், கூடவே மூளை பழகிக்கொள்வதையும் தாமதப்படுத்தும். ஒரு காது சரியாகச் சேதி சொல்வதில்லை என்பதை, தலை அசைய அசையத்தான் மூளை கற்றுக்கொள்ளும். ஸ்ட்ரோக்கில் அடிபட்ட மூளைக்கு அதற்கு இன்னும் நாளாகலாம். படுத்தே கிடந்தால், பாடுபட்டு மீட்ட கால் பலமும் போய்விடும்.

விழுந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கும் உண்டு. ஸ்ட்ரோக்கில் பலம் குறைந்த பக்கமும் இடது, காதும் இடது. இரண்டும் சேர்ந்து அந்தப் பக்கமே சாய்க்கின்றன. நான் இடது பக்கம் நின்று அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தபடிதான் நடக்க வைக்கிறேன். இருட்டில் கண்ணின் துணையும் போய்விடும் என்பதால் இரவில் விளக்கை அணைப்பதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், விழுந்து தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கட்டைவிரலைப் பார்த்தபடியே தலையை இருபுறமும் அசைக்கிற பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். செய்யும்போது முகம் வெளிறுகிறது, நெற்றி வியர்க்கிறது. போதும் என்றால் அவர் கேட்பதில்லை.

போன் பேசும்போது வலது காதில் வைத்துக்கொள்ளச் சொல். பேச்சு குளறினாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாலோ உடனே என்னைக் கூப்பிடு. காதுக் கோளாறு அதையெல்லாம் செய்யாது. கேட்கும் திறனை மறுபடி சோதிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். சுற்றல் அடங்கினாலும் காது முழுசாகத் திரும்பும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. போய்வந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா