ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கச் சொன்ன அண்ணாச்சிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

பாளையங்கோட்டையில் எங்கள் வணிக வளாகத்தை நடத்திவரும் சங்க நிர்வாகிகளான அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை மாடிப்படி முகப்பில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பற்றியது இந்த மடல். விளையாட்டுச் சாமான் கடையில் மாலை 7 மணிக்கு மேல் ஆள் கூடக் கூடாது. வராந்தாவில் பெஞ்சும் கேரம் போர்டும் போடக் கூடாது. வராந்தா விளக்கு 7 மணிக்கு அணைக்கப்படும். இந்த மூன்றும் எதனால் வந்தன என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதைத் திரும்பக் கிளற விருப்பமில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். சனி, ஞாயிறு இரண்டு நாள் மட்டும் இரவு ஒன்பதரை வரை கடையும் வராந்தாவும் திறந்திருக்க அனுமதி வேண்டும்.

ஏன் ஒன்பதரை, எட்டு மணி போதாதா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். சனிக்கிழமை செஸ் போட்டிக்கு 16 பேர் வருகிறார்கள். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 நொடி கூடுதல் என்று கடிகாரம் வைக்கிறோம். ஓர் ஆட்டம் 60 நகர்வு போனால் கூடுதல் மட்டும் ஆளுக்கு 10 நிமிடம் ஆகிறது. 15-உம் 10-உம் 25. இருவருக்கும் சேர்த்து 50 நிமிடம். முடிவை எழுதி, அடுத்த சுற்றில் யார் யாரோடு மோதுவது என்று பேரிங் போட்டு, காய்களை அடுக்க இன்னும் 10 நிமிடம். ஆக, ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் விட்டு, சேரன்மகாதேவியிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள் வந்து சேர நாலு மணி ஆகிவிடும். ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கினால் மூன்று சுற்றுதான் நடக்கும்.

மூன்று சுற்றில் என்ன கெட்டுப்போகிறது? ஒவ்வொரு சுற்றிலும் சம புள்ளி உள்ளவர்களைத்தான் மோத விடுகிறோம். டிரா இல்லை என்று வைத்துக்கொண்டால், முதல் சுற்று முடிந்ததும் முழுப் புள்ளியோடு 8 பேர் இருப்பார்கள். இரண்டாவதில் 4, மூன்றாவதில் 2. அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் இன்னும் ஆடியிருக்க மாட்டார்கள். அவர்கள் மோதவேண்டியது நாலாவது சுற்றில். ஐந்தாவது சுற்று இரண்டு, மூன்றாம் இடங்களைப் பிரிக்கவும், டிராவால் வந்த சிக்கலைத் தீர்க்கவும். நீங்கள் வைத்த நேரத்துக்குள் போட்டி நடத்தினால், யார் ஜெயித்தது என்று தெரியாமலே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். போன சனிக்கிழமை அப்படித்தான் அனுப்பினோம். மூன்றுக்கு மூன்று எடுத்த இரண்டு பேருக்கும் இடையில் ஒரே ஒரு கோப்பை மேசைமேல் இருந்தது. அதை யாரிடமும் கொடுக்க முடியவில்லை.

நேரத்தைக் குறைத்து ஐந்து நிமிட ஆட்டமாக வைத்துக்கொள்ளலாமே என்று உங்களில் ஒருவர் சொன்னார். அது பழகியவர்களுக்குச் சரி. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதிக்கொண்டே ஆட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். விதிப்படி எங்கள் 15 நிமிட ஆட்டத்திலும் எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எழுதினால்தான் தோற்ற பிறகு எந்த இடத்தில் குதிரையைத் தவறவிட்டோம் என்று திரும்ப வைத்துப் பார்க்க முடியும். அந்த 10 நொடிக் கூடுதல் எழுதுவதற்கான நேரம். அதை எடுத்துவிட்டால் பிள்ளை கடிகாரத்தைத் தட்டத்தான் கற்றுக்கொள்ளும், யோசிக்கக் கற்காது. ஞாயிறு காலையிலேயே ஆரம்பிக்கலாமே என்றும் கேட்டீர்கள். காலையில் பாதிப் பேருக்குச் சர்ச், மீதிப் பேருக்கு மதியம் வரை டியூஷன். இந்த ஊர் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேரமுக்கு வருவோம். கடை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அலமாரி போக உள்ளே இரண்டு செஸ் மேசைதான் பிடிக்கும். கேரம் போர்டின் ஆடுபரப்பு மட்டும் 29 அங்குலச் சதுரம். சுற்றியுள்ள மரச் சட்டத்தையும் சேர்த்து, நாலு பக்கமும் நாற்காலி போட்டு, முழங்கை இடிக்காமல் உட்கார எட்டடிக்கு எட்டடி வேண்டும். அதனால்தான் வராந்தா. நடைபாதையை அடைத்தோம் என்ற புகார் நியாயம். சுவரோரம் ஒரே ஒரு போர்டு என்று நிறுத்திக்கொள்கிறோம், மேற்கு முனையில், படிக்கட்டிலிருந்து தள்ளி.

ஆனால் விளக்கை அணைத்துவிட்டு ஆடிக்கொள்ளுங்கள் என்பது நடக்காது. கேரமுக்கு வெளிச்சம் நேர் மேலேயிருந்து விழ வேண்டும். பக்கத்துக் கடையிலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு காய்க்கும் பக்கத்தில் ஒரு நிழல் காய் கிடக்கும். குழியின் விளிம்பு எது, நிழல் எது என்று தெரியாது. குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், காய் 3 சென்டிமீட்டர் சொச்சம். வாய்ப்பு அந்த ஒன்றரைக்குள்தான் இருக்கிறது.

போர்டை வெயில், சாரல் படாத இடத்தில் வைக்கவும் உங்கள் உதவி தேவை. மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்த நாலு போர்டுகளையும் எடுக்கச் சொன்னீர்கள். எடுத்துவிட்டோம். இப்போது அவை கடைக்குள் சுவரில் செங்குத்தாகச் சாய்ந்து நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அப்படி நின்றால் பிளைவுட் ஈரம் குடித்து நடுவில் வளையும். போர்டைப் படுக்கப் போட்டு, இரண்டு போர்டு முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் பருத்தித் துணி விரித்து வைக்க வேண்டும். வளைந்த போர்டை நிமிர்த்த முடியாது. நல்ல போர்டு எது என்று பார்க்கும் முறை எளிது: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஒரு முனையிலிருந்து முழு வேகத்தில் அடித்தால் சட்டத்தில் பட்டு மூன்றரைத் தடவையாவது போய்வர வேண்டும். நடு வளைந்த போர்டில் இரண்டாவது தடவையே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். ஈரக் காற்றில் போரிக் பவுடரும் கட்டி தட்டும். கட்டி தட்டினால் இன்னும் கொஞ்சம் போடு என்பார்கள்; அது தப்பு. உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, ஒரு சிட்டிகை புதிதாகத் தூவித் தேய்க்க வேண்டும். ஆடி முடித்ததும் பிள்ளைகள் கை கழுவிவிட்டுத்தான் எதையும் வாயில் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் இன்னொரு விதியும் உண்டு: அல்வா தின்ற கையோடு போர்டுக்கு வரக் கூடாது. நெய் பட்ட காய் வழுக்காது, பவுடரை அப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

இனி, உங்கள் அறிவிப்பில் எழுதாமல் விட்ட வார்த்தைக்கு வருகிறேன். சூது. மேசையில் அட்டைகளைப் பார்த்துவிட்டு யாரோ சீட்டாட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது கட்டான் என்ற பலகை விளையாட்டு. அந்தப் பெட்டியில் 19 அறுகோண ஓடுகளும் 95 வள அட்டைகளும் இருக்கின்றன. செங்கல், மரம், ஆடு, கோதுமை, தாது என்று ஐந்து வகை, வகைக்கு 19. பிள்ளைகள் செங்கல்லைக் கொடுத்து ஆட்டை வாங்கி, சாலை போட்டு, வீடு கட்டுகிறார்கள். விதிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். வாருங்கள், உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மேசையில் ஒரு ரூபாய்கூடப் புழங்குவதில்லை. போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். 16 பேருக்கு 800. அதில் டீ, சுண்டல், கடிகாரத்துக்குப் பேட்டரி, சான்றிதழ் அச்சடிப்பு. கோப்பை கடைக்காரர் கொடுப்பது. ரொக்கப் பரிசு கிடையாது. கணக்கு நோட்டு கல்லா மேலேயே கிடக்கிறது, யாரும் புரட்டலாம்.

சட்டமும் எங்களுக்கு எதிராக இல்லை. 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்திலேயே, முழுக்கத் திறமையால் ஆடும் விளையாட்டு எங்கே ஆடப்பட்டாலும் அதற்குத் தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. செஸ்ஸும் கேரமும் திறமை விளையாட்டு இல்லையென்றால் வேறு எதைச் சொல்வது? சென்னையின் மரிய இருதயம் கேரமில் இரண்டு முறை உலகச் சாம்பியன், அந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யைப் பார்த்து ஊரே பூரித்தது. 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோதும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளுக்கும் முதலில் ஒரு மேசையும் ஒரு விளக்கும் தேவைப்பட்டிருக்கும், அண்ணாச்சி.

விளக்கை அணைத்ததும் முதலில் வருவதை நிறுத்தியது பெண்பிள்ளைகள்தான். வராந்தா வெளிச்சமாக இருந்தால், எதிர்ப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கும் அம்மாவுக்கோ ஆச்சிக்கோ மகள் உட்கார்ந்திருப்பது தெரியும். இருட்டில் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? இதை யோசித்துத்தான் அந்த வரியை எழுதினீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

பிள்ளைகள் எந்நேரமும் போனிலேயே கிடக்கிறார்கள் என்று சங்கக் கூட்டத்திலும் பேசுகிறோம், கல்யாண வீட்டிலும் பேசுகிறோம். போனில் பணம் கட்டி ஆடி எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்த பிறகு இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள் என்பதும் தெரியும். பந்து விளையாட வ.உ.சி. மைதானம் இருக்கிறது, அண்ணா ஸ்டேடியம் இருக்கிறது. உட்கார்ந்து ஆட நினைக்கிற பிள்ளைக்கு இந்த ஊரில் எந்த இடம் இருக்கிறது? நூலகத்தில் பேசக் கூடாது. டீக்கடை பெஞ்சில் ரொம்ப நேரம் இருக்க முடியாது. மதுக்கடை இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது, அதற்கு எந்தப் படிக்கட்டிலும் யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ராஜாவை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று யோசிக்கிற இடத்துக்கு மட்டும் ஏழு மணியா? இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது சண்டைக்கு அல்ல.

மறுபடியும் கேட்கிறோம்: சனி, ஞாயிறு, இரவு ஒன்பதரை வரை. விளக்குச் செலவு தடை என்றால் அதையும் போட்டுப் பார்த்தோம். 20 வாட் எல்.இ.டி. நாலு, இரண்டரை மணி நேரம் எரிந்தால் 200 வாட்-மணி. மாதத்தில் எட்டு நாளுக்கு ஒன்றரை யூனிட் சொச்சம். தனி மீட்டர் வைத்து நாங்களே கட்டிவிடுகிறோம். சத்தம் அதிகம் என்றால், எட்டு மணிக்கு மேல் கேரமை நிறுத்திவிட்டுச் செஸ்ஸை மட்டும் தொடர்கிறோம். ஒன்பது மணிக்குக் கடைசிச் சுற்று முடியும். அடுத்த அரை மணியில் காய்களை எண்ணிப் பெட்டியில் போட்டு, வராந்தாவைப் பெருக்கி, படிக்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுப்போம். மாடிப்படிக்குக் கீழே நாலு போர்டு படுக்கும் அளவுக்கு ஒரு பலகை அடித்துக்கொள்ள மட்டும் இடம் கொடுங்கள்.

வருகிற சனிக்கிழமைக்கும் 16 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று சுற்றா, ஐந்து சுற்றா என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் நீங்கள் சொன்னால்தான் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளின் வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியும். தயவுசெய்து ஐந்து என்று சொல்லுங்கள். போன வாரத்துக் கோப்பை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. நாலாவது சுற்றை அந்த இரண்டு பேருக்கும் முதலில் வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
விளையாட்டுச் சாமான் கடையில் ஆடுவோர் அனைவர் சார்பிலும்