உறவை எண்ணிப் பார்ப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அப்பா’ என்னும் சொல் கொரியரிடத்தும் வழங்குவதைக் கொண்டே அம்மொழி தமிழிலிருந்து கிளைத்தது என்று தங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை முடிவுகட்டியிருப்பது, தமிழின் மேல் பற்றுள்ள எனக்கு வருத்தம் தருகிறது. குழந்தையின் வாயில் முதலில் எழும் இதழொலிகளால் ஆன இத்தகைய சொற்கள் உலகின் பல மொழிகளில் உண்டு. உறவைக் காட்ட எண்ணுப்பெயர்கள் இவற்றினும் வலிய சான்று.

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் படகர் அம்மா, தமிழின் உறவு மொழியான தம் படக மொழியில் பச்சைத் தேயிலை மூட்டைகளை ‘ஒந்து, எரடு, மூரு’ என்று எண்ணிக்கொண்டே போய் ‘ஹத்து’ என்று நிறுத்தும்போது, நம் ‘பத்து’தான் பகரம் ஹகரமாகி ஒலிக்கிறது என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிடும். கொரிய நாடகங்கள் பார்த்து அம்மொழி கற்கும் என் பேத்தி விரல் மடக்கி ‘ஹனா, துல், செத், நெத், தசொத்’ என்னும்போது அப்படி எதுவும் புலப்படுவதில்லை.

ஆயினும் அச்சொற்களின் வரலாறு சுவையானது. கொரியரிடம் சொந்த எண்வரிசையும் சீனத்திலிருந்து பெற்ற வரிசையும் சேர்ந்தே புழங்குகின்றன. மூன்றரை மணியை ‘செ ஷி சம்ஷிப் புன்’ என்பர். மணிக்குரிய ‘செ’ சொந்தம், நிமிடத்துக்குரிய ‘சம்ஷிப்’ சீன வழி. மூன்றைக் குறிக்கும் ‘செத்’ பெயருக்கு முன் ‘செ’ எனக் குறுகும். மாதக் கணக்கில் ‘சொக்’ என்றும் வரும். ‘மூன்று’ முக்கனியில் ‘மு’ என்றும் மூவேந்தரில் ‘மூ’ என்றும் நிற்பதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை; ஆனால் இது அமைப்பின் ஒப்புமையே, வேரின் உறவன்று. இருபது ‘சுமுல்’, நாற்பது ‘மஹுன்’ எனத் தொண்ணூற்றொன்பது வரை சொந்தச் சொற்கள் உண்டு. 1446-இல் ஹங்குல் என்னும் கொரிய எழுத்து அறிவிக்கப்பட்ட காலத்தை ஒட்டிய நூல்களில் நூறுக்கு ‘ஒன்’, ஆயிரத்துக்கு ‘ஜுமுன்’ என்று காண்கிறோம். அவை பின்னர் ‘பெக்’, ‘சொன்’ என்னும் சீனவழிச் சொற்களுக்கு இடம் விட்டு வழக்கொழிந்தன.

இன்னும் பின்னே போனாலும் தமிழின் சுவடு கிட்டவில்லை. 1145-இல் தொகுக்கப்பட்ட ‘சம்குக் சாகி’ என்னும் கொரிய வரலாற்று நூல் குறித்துள்ள, கொகுர்யோ என்னும் பழைய அரசின் ஊர்ப்பெயர்களில் 3-க்கு ‘மில்’, 7-க்கு ‘நனன்’, 10-க்கு ‘தொக்’ என எண்கள் ஒளிந்திருக்கின்றன. அவை ஜப்பானிய மொழியின் ‘மி’, ‘நன’, ‘தோ’ ஆகியவற்றையே நினைவூட்டுகின்றன.

இனி இப்பொருளில் கட்டுரை வெளியிடும்போது, ஒன்று முதல் பத்து வரை இரு மொழி எண்ணுப்பெயர்களையும் அருகருகே ஒரு கட்டமாக அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.