பிடிதுணிக்குள் வைக்கும் பஞ்சு

கோயம்புத்தூர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. நான் தைத்து அனுப்பிய பிடிதுணியையும் மீறி, இட்லிப் பானையை இறக்கும்போது உன் விரல் நுனியில் கொப்புளம் கண்டுவிட்டது என்று படித்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. நிதானமில்லாத கை என்று பழியை நீயே ஏற்றுக்கொண்டிருக்கிறாய், தவறு என்னுடையதுதான். அந்த இரண்டு துணிகளுக்குள்ளும் நான் வைத்தது தலையணைக்கு அடைக்கும் ஃபைபர் பஞ்சு, அதாவது பாலியஸ்டர். புசுபுசுவென்று இருந்ததால் சூட்டைத் தாங்கும் என்று நம்பிவிட்டேன்.

அதே வேளையில் தைத்த மூன்றாவது துணி என்னிடம் இருந்தது. உன் கடிதத்தைப் படித்த கையோடு அதன் தையலைப் பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் பஞ்சு பழையபடியே இருந்தது. ஆனால் இரும்புத் தோசைக்கல்லின் காம்பைப் பிடிக்கும் நடுப்பகுதியில் அப்பளம் போலத் தட்டையாகி, ஓரிடத்தில் பிசின் காய்ந்தாற்போல் மேல்துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாலியஸ்டர் ஏறத்தாழ 250 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே இளகி அமுங்கத் தொடங்கும். காய்ந்த தோசைக்கல் 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதையும், பர்னரின் சுவாலைக்கு அந்தக் கணக்கெல்லாம் ஒரு பொருட்டே அல்ல என்பதையும் நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

சூட்டைத் தடுப்பது பஞ்சு என்பதைவிட, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று என்பதே சரி. ஆகையால் கையால் இறுகப் பிடித்த பிறகும் எந்தப் பஞ்சு காற்றை விடாமல் வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கடையில் இருக்கும்போது எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதில் ஒன்றுமில்லை. உன் கொப்புளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் காற்றைப் போல் இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். இட்லிப் பானையின் ஆவி துணியில் இறங்கி உள்ளே ஈரமாகிவிட்டால், அதன்பின் எத்தனை அடுக்கு இருந்தும் பயனில்லை. நம் வீடுகளில் கரித்துணியைச் சற்று நனைத்துக்கொண்டு பாத்திரத்தை இறக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை இனி நீ மறந்துவிடு.

பஞ்சு வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதே. ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்து, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டு. பருத்தியானால் காகிதம் எரிவது போன்ற வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பூவாக உதிரும் சாம்பலாகும். கம்பளியானால் மயிர் கருகும் நாற்றம் வரும். தீயை எடுத்ததும் பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கிப் பின்வாங்கி, ஆறிய பிறகு மிளகு போலக் கெட்டியாக உருண்டு நிற்கும். பருத்தி என்று சொல்லி எனக்கு விற்ற ஒரு கட்டு மிளகாகத்தான் நின்றது.

அம்மாவின் பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இலவம்பஞ்சின் இழை உள்ளே கூடாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைப்பதில் அதற்குக் குறைவில்லை. ஆனால் எளிதில் தீப்பற்றும். அடுப்பருகே அதற்கு வேலையே இல்லை. தலையணை தலைக்கே இருக்கட்டும். உதிரிப் பருத்திப் பஞ்சும் சரிவராது, இரண்டு சலவையில் மூலைக்கு ஒதுங்கிவிடும். விரிப்பாக வருவதைத்தான் வாங்க வேண்டும். மருமகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இன்சல்-பிரைட் என்ற பஞ்சில், பளபளப்பான உலோகப் பூச்சுப் படலம் ஒன்று பாலியஸ்டர் இழைகளுக்கு நடுவே இருக்கிறது, கசக்கினால் சரசரக்கும். அது கதிராக வரும் வெப்பத்தைத் திருப்பும். தொட்டுக்கொண்டிருக்கும் பாத்திரத்தின் சூட்டை அது ஒன்றே தடுத்துவிடாது. பருத்தி அடுக்குகளுக்கு நடுவே வைத்தால் நல்ல துணை. ஆனால் அது வைத்த துணி மைக்ரோவேவுக்குள் போகக் கூடாது.

கனமாக இருந்தால் நல்லது என்று நினைத்து ஒருமுறை ஐந்து அடுக்கு வைத்துத் தைத்தேன். கை சுடவில்லை, ஆனால் இட்லிப் பானையின் சிறிய காதை அதால் பிடிக்கவே முடியாமல், பானை சாய்ந்து சமையல் மேடையெல்லாம் தண்ணீர் ஆயிற்று. அதனால் இப்போது இரண்டு வகையாகத் தைக்கிறேன். கையில் பிடிப்பதற்கு, இருபுறமும் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, உள்ளே ஒரு பருத்திப் பஞ்சு விரிப்பு, பழைய தேங்காய்ப்பூத் துண்டில் ஒரு அடுக்கு, அவ்வளவுதான். துண்டின் சுருள் இழைகள் அழுத்தினாலும் முழுக்கப் படிந்துவிடுவதில்லை. பிரிமணை போலப் பாத்திரத்துக்கு அடியில் வைப்பதற்கு, பஞ்சு இரண்டு அடுக்காகவும் நடுவில் பழைய கம்பளிப் போர்வையின் துண்டு ஒன்றாகவும் வைக்கிறேன். அமுங்கினாலும் மறுபடி நிமிரும் குணம் கம்பளிக்கு உண்டு.

துணி, துண்டு, கம்பளி எல்லாவற்றையும் முதலில் துவைத்துக் காயவைத்துவிட வேண்டும். பிறகு சுருங்கினால் எல்லாம் கோணும். 9 அங்குலச் சதுரமாக வெட்டி, அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுத் தையல் போட்ட பிறகு 8 அங்குலத்துக்கு ஒழுங்காக நறுக்குகிறேன். தையல் வரிகளுக்கு இடையே ஒன்றரை அங்குலம் விடு. அழகுக்காக நெருக்கித் தைத்தால், ஒவ்வொரு வரியிலும் பஞ்சு அமுங்கிக் காற்று வெளியேறிவிடும். 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை நீளமாக வைத்துக்கொள். நூலும் பருத்தியாகவே இருக்கட்டும். கடையில் கேட்காமல் எடுத்தால் பெரும்பாலும் பாலியஸ்டர் நூல்தான் வரும். ஓரத்துக்குக் கிராஸ் பீஸ், அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி, வைத்து மடித்துத் தைத்தால் மூலைகள் சுருங்காமல் படியும். மாட்டும் வளையத்தை ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் விடாதே. தொங்கும் வளையம்தான் முதலில் தீயைத் தேடிப் போகும்.

இந்தப் பொட்டலத்தில் நான்கு வைத்திருக்கிறேன்: நீலக் கட்டம் போட்டவை பிடிப்பதற்கு, சிவப்பு அடியில் வைப்பதற்கு. பிடிதுணி இரண்டில் ஒன்று எப்போதும் கொடியில் காய்ந்துகொண்டிருக்கட்டும். பழைய இரண்டையும் அடுப்படியிலிருந்து எடுத்துவிடு, தூசி துடைக்க ஆகும். உன் தோசைக்கல்லின் காம்பை ஒரு நூலால் சுற்றி, அந்த நூலையே வெட்டி அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பு. நீளத்துக்கு இன்னொரு நூல். அதற்கு ஓர் உறை தைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
பத்மா