ஓதம் பார்த்து டிக்கெட் எடுங்கள், சித்தப்பா

சிங்கப்பூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். டிசம்பரில் வரும்போது பறவை பார்க்க சுங்கை பூலோ சதுப்பு நிலக் காப்பகத்துக்கு எந்த நாளில் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். கிழமையைப் பார்க்க வேண்டாம், ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பாருங்கள். ஓதம் தெரியாமல் போகிறவர்கள்தான் வெறும் குட்டையைப் பார்த்துவிட்டு, "பறவையே இல்லை" என்று திரும்புகிறார்கள்.

அந்த இடம் முன்பு இறால் குட்டைகளாக இருந்தது. 1986இல் பறவை பார்க்கிறவர்கள் கண்டு சொல்லி, 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள். 2002 முதல் 130 ஹெக்டேரில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதி. பழைய வரப்பும் மதகும் இன்னும் இருக்கின்றன, பறவைகளுக்கு இன்று உதவுவதும் அவைதான். வற்றத்தில் பறவைகள் வெளியே ஜொகூர் நீரிணைப் பக்கத்துச் சேற்றில் பரவி மேயும். எட்டிப் பார்த்தால் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும். ஓதம் ஏறிச் சேறு மூழ்கியதும் நிற்க இடமில்லாமல் கூட்டமாக உள்ளே வரும். குட்டைகளில் மதகை வைத்துத் தண்ணீரை ஆழமில்லாமல் வைத்திருப்பதால் அங்கே இறங்கி, ஓதம் இறங்கும் வரை ஓய்வெடுக்கும். ஆகவே உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கும் மறைவுக் குடிலில் உட்கார்ந்துவிட வேண்டும். அவை வந்து இறங்கிய பிறகு நாம் நடந்து போனால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

முதலைக்கு இதற்கு நேர்மாறு. தண்ணீர் வற்றிச் சேற்றுக் கரை வெளியே வந்தால்தான் அது ஏறி வெயில் காயும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, முற்பகலில் ஏற்றம் உச்சத்துக்கு வரும் நாளாக எடுங்கள். காலையில் பறவை, மதியத்துக்கு மேல் அங்குள்ள பெரிய பாலத்தில் நின்று முதலை. ஏற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் ஒரு நாள் கணக்கு மறுநாளுக்கு உதவாது.

கோடியக்கரையில் நீங்கள் பார்க்கிற பவளக்காலி, பச்சைக்காலி ஆகிய கரைப் பறவைகள் இங்கேயும் உண்டு. ஆனால் அங்கே வருபவை மத்திய ஆசியப் பறவைப் பாதையில் வருகின்றன, இங்கே வருபவை கிழக்கு ஆசிய, ஆஸ்திரேலியப் பாதையில். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை இருக்கும். தூரத்தில் காலின் நிறம் தெரியாவிட்டால் பறக்கும் வரை காத்திருங்கள்: பவளக்காலிக்கு இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும், பச்சைக்காலிக்கு அது இல்லை, முதுகில் மட்டும் வெள்ளை மேலேறியிருக்கும். மேயும் விதமும் காட்டிக்கொடுக்கும். உப்புக்கொத்தி கண்ணால் தேடுகிற பறவை. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். உள்ளான் வகைகள் அலகைச் சேற்றில் விட்டுத் தடவிப் பார்த்தபடியே நடக்கும். இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதி குழப்பம் தீரும்.

8x42 பைனாகுலர் போதும். ஏசி அறையிலிருந்து நேரே எடுத்து வந்தால் கண்ணாடியில் பனி படர்ந்து இருபது நிமிடம் போல ஒன்றும் தெரியாது, துடைத்தாலும் திரும்பப் படரும். முந்தின இரவே பையோடு ஜன்னல் பக்கம் வைத்துவிடுங்கள்.

முதலை இங்கே உவர்நீர் முதலை, கொள்ளிடத்துச் சதுப்பு நில முதலையைவிடப் பெரிதாக வளரும். பாலத்தில் நின்று "முதலை, முதலை" என்று கத்துகிறவர்கள் பல சமயம் பார்ப்பது நீர் உடும்பைத்தான். உடும்பு நீந்தும்போது தலையும் கழுத்தும் வெளியே இருக்கும், நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். முதலைக்குக் கழுத்தே தெரியாது. முன்னால் மூக்கு மேடு, பின்னால் கண் மேடு, அவ்வளவுதான். மிதக்கிற கட்டை நீரோட்டத்தோடு போகும், முதலை அதை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும். தலை நீளத்தை ஏழால் பெருக்கினால் மொத்த நீளம் கிட்டத்தட்ட வரும். கரையில் வாயைப் பிளந்து கிடந்தால் கோபம் என்று நினைக்க வேண்டாம், உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

பாதையை விட்டுக் கரையில் இறங்கவே கூடாது. பாதையிலேயே முதலை கிடந்தால் ஓடாமல், மெல்லப் பின்வாங்கி, ஊழியர்களிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் பிஸ்கட் கொடுத்துவிடாதீர்கள். காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், மனிதனைப் பார்த்ததும் தீனி என்று நினைக்கப் பழகிய முதலையால் அதற்கும் கேடு, நமக்கும் கேடு. பறவையைப் படத்துக்காக எழுப்பிவிடுவதும் எனக்குக் கொஞ்சமும் பொறுக்காது. திரும்பிப் பறக்கச் சேர்த்த கொழுப்பு ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கரைகிறது.

கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து 925 பஸ். காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கிராஞ்சி வழியில் நுழைந்தால் பெரிய பாலத்துக்குக் கடலோரப் பாதையில் 1.3 கி.மீ. நடக்க வேண்டும். சித்திக்கு அது சிரமம் என்றால் நியோ தியூ பக்கத்து வாசலுக்கு டாக்சியில் போய்விடலாம், பாலம் அங்கிருந்து கிட்ட. டிசம்பர் இங்கேயும் வடகிழக்குப் பருவமழைதான். இடி கேட்டால் பாலத்தில் நிற்காமல் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும், அதனால் இரண்டு நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்குமுன் உத்தேசத் தேதியைச் சொல்லுங்கள். ஓத அட்டவணையைப் பார்த்து எந்த வாரம் தோதாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன் முறை
செல்வம்