மாடி வீட்டு அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா மக்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இரவு, கடை அடைத்த கையோடு இதை எழுதுகிறேன். போன மாதம் குயின் ஸ்திரீட் முனையில் நடந்த விபத்து நம் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. அதனால்தான் கடைக்காரர்கள் கூடிப் பேசி, சாயங்காலம் தெருவில் கார் விடாமல் அடைப்பது, சரக்கு லாரிகளை விடிவதற்குள் வரச் சொல்வது என்று முயற்சி எடுத்தோம். அதற்குப் பிறகு தெருவுக்கு வந்த தீபாவளி ஜனக்கூட்டம் இது. மாரியம்மன் கோயிலுக்கு வந்த வயதானவர்கள் பயமில்லாமல் நடுத்தெருவில் நடந்து போனதைப் பார்த்தேன். மனம் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் தெருவை அடைப்பதுகூடச் சமாளிக்கக்கூடிய வேலைதான். காலை பத்து மணி லாரிகள்தான் பெரிய தலைவலி. இரண்டு பக்கமும் கார் நிற்கும். நடுவில் அரிசி லாரி நின்று மூட்டை இறக்கும். பின்னால் பீச் ஸ்திரீட் வரைக்கும் ஹாரன் சத்தம். விடிவதற்குள் வந்துவிட்டுப் போகிறோம் என்று லாரி அண்ணன்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் கடையை யார் திறப்பது? மூட்டையை யார் எண்ணி வாங்குவது? முதலாளிமார் எல்லாம் தூரத்தில், பட்டர்வொர்த்திலும் ஆயர் ஈத்தாமிலும் பாயான் பாருவிலும் இருக்கிறோம். நாங்கள் கூடிப் பேசிய கூட்டம் அந்தக் கேள்வியில் அப்படியே நின்றுவிட்டது.

அப்போதுதான் பக்கத்துக் கடை மாடியில் குடியிருக்கும் அம்மா பேசினார். வியாபாரி இல்லை, எங்கள் யாருக்கும் சொந்தமும் இல்லை. "சாவியை என்கிட்ட கொடுங்க தம்பி. நான் எப்படியும் அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிற ஆளு" என்றார்.

அன்று முதல் அவர்தான் இறங்கி வந்து சரக்கு வாங்கி வைக்கிறார். எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை, எது கிழிந்திருந்தது, எல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. நனைந்திருந்த உளுந்து மூட்டையை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். கடைக்காரருக்கே அது அப்புறம்தான் தெரியும். லாரிக்காரர்களுக்குக் காப்பி ஓ (பால் இல்லாத காப்பி) வேறு போட்டுக் கொடுக்கிறார். சம்பளம் பேசப் போனேன், கோபித்துக்கொண்டார். பெயரைப் போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அம்மா, பெயரைப் போடவில்லை. ஆனால் உங்கள் காலடியில் விழுந்து எழ வேண்டும் போல இருக்கிறது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. முனைகளில் மழையில் நின்று காரைத் திருப்பிவிட்ட இளைஞர்கள், மேசையை உள்ளே தள்ளிப்போட்ட பூக்கடை அக்காமார், திருப்பிவிட்ட காரெல்லாம் தங்கள் வாசலில் ஓடியும் முகம் சுளிக்காத சூலியா ஸ்திரீட் சீன, மலாய் அண்டை வீட்டார், காரை வீட்டில் விட்டுவிட்டு ஃபெர்ரியில் வந்து படகுத்துறையிலிருந்து நகருக்குள் ஓடும் இலவச கேட் (CAT) பஸ் ஏறிய வாடிக்கையாளர்கள், அத்தனை பேருக்கும் நன்றி.

ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கடைத்தெருவில் எல்லா மாடியிலும் ஆள் இருந்தார்கள். 2000இல் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனது, வாடகை ஏறியது, ஜார்ஜ்டவுனின் பழைய குடும்பங்கள் பல வெளியே போயின. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்தபோது கட்டடங்களைக் காப்பாற்றினோம் என்று சந்தோஷப்பட்டோம். படியிறங்கி வேலைக்கு வந்தவர்கள் இப்போது பாலம் தாண்டிக் காரில் வருகிறார்கள். நெரிசலில் பாதி நாமேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அம்மாவும் போயிருந்தால் இந்த முயற்சி அந்தக் கூட்டத்தோடு முடிந்திருக்கும்.

என் கடை மாடியில் அட்டைப்பெட்டிதான் அடுக்கிக் கிடக்கிறது. தீபாவளி முடிந்ததும் அதைக் காலி செய்து, கூரை ஒழுகலை அடைத்து, தண்ணீர்க் குழாய் மாற்றப் போகிறேன். தினமும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை ஊரிலிருந்து வரும் என் கடைத் தம்பிகள் இருவருக்கும் அதை வீடாகக் கொடுக்கப் போகிறேன். வாடகை வாங்க மாட்டேன். மாடி வைத்திருக்கும் மற்ற முதலாளிமாரும் யோசித்துப் பாருங்கள். பழுது பார்க்க ஆள் வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், சேர்ந்தே பேசி வைக்கலாம்.

நன்றியுடன்,
மார்க்கெட் ஸ்திரீட் மளிகைக்கடைக்காரர் ஒருவர்